கச்சானும் கிடுகும்

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் மத்தியான நேரம் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவருக்குக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவால் இறங்க இறங்கச் சூடேறி, காய்ந்த காற்றாகத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. யன்னலைத் திறந்தால் வெக்கை, மூடினால் புழுக்கம்.

பசுமைக் கட்டடம் என்றதும் பலருக்குக் கூரையில் பூட்டும் சூரியத் தகடுதான் நினைவுக்கு வருகிறது. வெந்து கிடக்கும் கொங்கிறீற் பெட்டிக்குள் ஏ.சி. போட்டு, அதை ஓட்டத் தகடும் பூட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. சூடு எந்த வழியால் உள்ளே வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.5 பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். ஆகவே சுவரைவிடக் கூரைதான் அதிகம் வேகும். அடுத்தது, சாய்வெயில் விழும் கிழக்கு, மேற்குச் சுவர்கள். வீட்டைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டினால் அந்த இரண்டும் சிறுத்துவிடும். நீண்ட வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு இறக்கிவிட்ட தாழ்வாரமே போதும். மேற்கில் யன்னலைக் குறைத்தால் கச்சானும் முகத்தில் அடிக்காது.

கூரைக்கு நம் ஆட்கள் கண்ட விடை கிடுகு. தென்னோலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மட்டையை நடுவால் பிளந்து, பாதி மட்டையின் ஓலைகளை ஒன்றுவிட்டொன்று மாறிப் பின்னினால் ஒரு கிடுகு. அடுக்கடுக்காக வேயும்போது இடையில் காற்றுத் தங்குவதால் வெப்பம் கீழே இறங்கப் பிந்தும். ஆனால் மழைக்கு உக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும், நெருப்புக்கும் பயம். பழசெல்லாம் பசுமை என்றும் சொல்லிவிட முடியாது. கரையோர வீடுகளின் சுண்ணாம்பு, பவளப்பாறையைச் சூளையில் சுட்டு எடுத்தது. இன்று பவளப்பாறை அகழ்வது சட்டப்படி தடை.

ஹபரணை தாண்டித் தம்புள்ளைப் பக்கம் போகிறவர்கள், கண்டலமக் குளத்தருகே ஜெப்ரி பாவா 1990களில் வடிவமைத்த ஹோட்டலைப் பார்க்கலாம். பாறையோடு ஒட்டித் தூண்களில் நிற்கிறது; மழைநீர் கட்டடத்துக்கு அடியால் வழிந்துபோகும். முகப்பெங்கும் கொடி, மொட்டைமாடியில் மண்ணும் செடியும். கிடுகு செய்கிற வேலைதான் அதுவும்.

பாவா போன்ற ஒருவரைக் கூப்பிட வசதியில்லாதவர்கள் தகரத்தின் மேலேயே கிடுகைப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அடுப்படிக்கு மேலே மட்டும் தகரம் வெறுமனே கிடக்கும், பொறி பறக்குமென்ற பயத்தில்.