எண்பலகையும் அதன் கம்பி மொழியும்

பூட்டும் சாவியும் இருந்த இடத்தில் இன்று எண்பலகை வந்துவிட்டது. ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகளில் அதனை நாள்தோறும் காண்கிறோம். எங்கள் தோட்டப் பள்ளியின் கணினி அறைக்கும் ஒன்று வேண்டுமென்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. விலையைப் பற்றி எல்லோரும் பேசினர். பலகைக்குப் பின்னே சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றி ஒருவரும் வினவவில்லை. வினவ வேண்டியது அதுவே.

பல கதவுகள் உள்ள அமைப்பில் கதவைத் திறப்பது எண்பலகை அன்று. நாம் அழுத்தும் எண்ணை உள்ளேயுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கும் தூதன் அது. ஆய்ந்து ஆணையிடுவது பெட்டி. அத்தூது செல்லும் மொழி நெடுங்காலமாக 'வீகண்ட்' எனப்படுவது. ஜான் வீகண்ட் என்பார் முறுக்கிப் பதப்படுத்திய காந்தக் கம்பி ஒன்றிற்கு 1970களில் காப்புரிமை பெற்றார். அக்கம்பி நுழைவட்டைகளில் பதிக்கப்பட்டது. அட்டை மறைந்தும், அதைப் படித்த கருவியின் குறிமுறைக்குப் பெயர் நிலைத்தது. ஆளின் பெயர் கம்பிக்காகி, கம்பியின் பெயர் குறிமுறைக்காயிற்று. 'புளி முளைத்தது' என்பதற்குப் பின் வகுப்பில் காட்ட, இருமடியாகுபெயருக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

குறிமுறை மிக எளியது. செய்திக் கம்பிகள் இரண்டு. ஒன்றில் மின்னழுத்தம் கணப்பொழுது தாழ்ந்தால் 0. மற்றதில் தாழ்ந்தால் 1. 7ஐ அழுத்தினால், பல பலகைகளில், 0111 என நான்கு துடிப்புகள் செல்லும். இதில் மறைபொருள் ஏதுமில்லை. பலகையைக் கழற்றிக் கம்பியில் சிறு கருவியொன்றை இணைத்தவன் எண்களை அப்படியே படித்துக்கொள்வான். பின்னர் அவற்றையே அனுப்பிக் கதவைத் திறப்பான். அன்றியும், பலகை பேசும், பெட்டி கேட்கும், மறுமொழி இல்லை. கம்பி அறுந்தாலும், கதவருகே ஆளே வராவிட்டாலும், பெட்டிக்கு இரண்டும் ஒரே மௌனந்தான்.

இக்குறைகளை நீக்க வந்தது 'ஓ.எஸ்.டி.பி.' என்னும் புதிய முறை. 2020இல் இஃது அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. இதிலும் செய்திக் கம்பிகள் இரண்டே; ஆனால் அவை ஒன்றற்கொன்று எதிரான மின்னழுத்தத்தைத் தாங்கிச் செல்கின்றன. பெட்டி பார்ப்பது அவற்றின் வேறுபாட்டை மட்டுமே. ஆகவே இரண்டிலும் ஒருசேரப் புகும் இரைச்சல் தானே நீங்கிவிடும். வீகண்ட் ஏறத்தாழ 150 மீட்டர் செல்லும். இது 1,200 மீட்டர் வரை செல்லும். பெட்டி ஓயாமல் "இருக்கிறாயா?" என்று கேட்க, பலகை விடையளித்துக்கொண்டே இருக்கும். விடை நின்றால் பெட்டி உடனே அறியும். இடியும் மின்னலும் மிகுந்த நம் மாநிலத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் மட்டும் இதற்கும் வேண்டும்.

பழைய கம்பியையே பயன்படுத்தவும் பலகால் இயலும்; முறுக்கிணைக் கம்பி சிறந்தது. ஆயினும் பலகை, பெட்டி இரண்டும் புதுமொழி அறிந்திருக்க வேண்டும். பலகையை மட்டும் மாற்றிப் பழைய பெட்டியோடு வீகண்டிலேயே பேசவிட்டால், செலவழித்த பணம் சுவருக்கு அழகு செய்ததோடு சரி.

இன்னொன்றையும் ஆசிரிய அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். புதிய முறையில் செய்தியை மறைமொழியாக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது கட்டாயமன்று. 2023இல் லாஸ் வேகாஸில் நடந்த 'பிளாக் ஹேட்' மாநாட்டில் ஆய்வாளர் இருவர் இதன் விளைவை விளக்கிக் காட்டினர். மறையாக்கத்தை இயக்காவிடில் கம்பியில் ஒட்டுக்கேட்பது முன்போலவே எளிது. எல்லாரும் அறிந்த பொதுத் திறவெண்ணை மாற்றாவிடினும் அப்படியே. புதிய திறவெண்ணைப் பலகைக்குக் கொடுக்கும் வேளையில் அது கம்பி வழியே வெளிப்படக்கூடும். ஆதலால் சுவரில் பொருத்துமுன், மேசைமீது குறுங்கம்பியால் இணைத்து அவ்வேலையை முடித்துவிடுமாறு ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.