பத்து நிமிடமும் நான்கு மணி நேரமும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் 9.1 அளவில் ஆடியது. அலை பினாங்கைத் தொட்டபோது மதியம் 1 மணி தாண்டிவிட்டது. நடுவில் கிடைத்தது நான்கு மணி நேரம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே மேட்டு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அன்று காலையில் அடுக்குமாடி வீடுகளில் ஆட்டத்தை உணர்ந்து படியிறங்கி வந்தவர்கள்கூட இருந்தார்கள். அந்த ஆட்டத்துக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. விடுமுறை நாள் என்பதால் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போனார்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள்.

இதே அலை சுமத்ராவை ஒட்டிய சிமலுத் தீவுக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அங்கே அப்போது ஏறக்குறைய 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர். அந்தத் தீவில் சைரனும் இல்லை, வானொலி அறிவிப்பும் வரவில்லை. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து ஊர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. பிழைத்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. தாலாட்டிலும் கதையிலும் ஏறி, 97 ஆண்டுகள் வாய்வழியாகவே வந்த செய்தி அது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்துக்கோ அதே அலை வருமுன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். உயிரைக் காப்பாற்றுவது நேரம் மட்டும் அல்ல என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

மலைமேல் இருக்கும் நமக்குக் கடல் கதை எதற்கு என்று கேமரன் மலையின் பிரிஞ்சாங் வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாம் 5,000 அடி உயரத்தில் இருக்கிறோம், அலை இங்கே வராது. ஆனால் நம் தண்ணீர் கீழே போகிறது. பிரிஞ்சாங் மலையில் பிறக்கும் பெர்த்தாம் ஆறு தானா ராத்தாவைத் தாண்டி, ஹாபுவைத் தாண்டி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அதைத் தடுத்து நிற்பது 1960களில் மின் உற்பத்திக்காகக் கட்டிய சுல்தான் அபுபாக்கார் அணை. மேலே காட்டை வெட்டி, மலையைச் சீவிக் காய்கறி போட்டோம். மழை அந்த மண்ணை வழித்துக் கொண்டுபோய் நீர்த்தேக்கத்தில் கொட்டியது. வண்டல் ஏற ஏற, தண்ணீர் நிற்க வேண்டிய இடம் குறைந்துகொண்டே வந்தது.

2013 அக்டோபர் 23. விடாத மழை. நீர்மட்டம் ஏறவே நள்ளிரவு தாண்டி அணையைத் திறந்தார்கள். அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. சேறும் தண்ணீரும் சேர்ந்து வந்து வீடுகளை உடைத்தன, கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றின. குறைந்தது மூன்று உயிர்கள் போயின. திறக்குமுன் சைரன் ஒலித்தோம் என்றது அணை நிர்வாகம். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை என்றார்கள் மக்கள். இரண்டு பேச்சையும் நான் நம்புகிறேன், அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சங்கு ஊதினால் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும் என்று தெரியும். அணையின் சங்கு ஊதினால் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை நிமிடத்துக்குள் போக வேண்டும் என்று வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டாமா?

நிலநடுக்கம் மலேசியத் தீபகற்பத்தில் இல்லை என்பதும் பழைய பேச்சு. நம் பகாங்கிலேயே புக்கிட் திங்கி 2007 நவம்பரிலிருந்து பலமுறை சிறிதாக ஆடியிருக்கிறது. இருந்தாலும் கேமரன் மலைக்கு முதல் ஆபத்து மண்ணும் மழையும்தான்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். செங்குத்தாகச் சீவிய சரிவு. மேலே பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பாத்திகள். கூரையில் விழும் மழை மண்ணில் பரவலாக இறங்காமல், ஒரு வாய்க்காலில் சேர்ந்து சரிவின் தலையில் ஒரே இடத்தில் ஊற்றுகிறது. அங்கே மண் ஊறிக் கனக்கும், துகள்களுக்கு நடுவே நீர் புகுந்து பிடிப்பைத் தளர்த்தும். சரிவின் காலடியில் பலகையும் தகரமும் வைத்து அடித்த கொங்சி. அதில் தூங்குகிறவர்கள் மியன்மாரிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர்கள். ஒரு காலத்தில் லயத்தில் நம் தாத்தா பாட்டி படுத்திருந்த இடத்தில் இன்று அவர்கள் படுத்திருக்கிறார்கள். 2024 ஜனவரி 26 அன்று விடியுமுன் இதே கேமரன் மலையின் புளூ வேலியில் மலை சரிந்தது. மண்ணுக்குள் போன ஐவரும் மியன்மார்த் தொழிலாளர்கள்.

2004க்குப் பிறகு நாட்டில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, கடற்கரைகளில் சைரன் கம்பங்கள் நின்றன. வேண்டியவைதான். மலைச்சரிவை எல்லா இடத்திலும் முன்கூட்டிச் சொல்லும் சங்கு கிடையாது. மண்ணே சில நேரம் முன்கூட்டிச் சொல்லும். சரிவின் தலையில் புதிதாக வெடிப்பு ஓடும், நேராக நின்ற மரம் சாயும், தெளிவாக வந்த ஊற்று கலங்கும், கதவு திடீரென்று நிலையில் இறுகும். இதைக் கொங்சியில் இருப்பவருக்கு அவர் மொழியில் யார் சொல்லியிருக்கிறோம்?

தோட்டத்திலும் காய்கறிக் கொல்லையிலும் ஆள் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர், நவம்பர் மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஆட்களைச் சரிவின் தலைக்கு அழைத்துப்போய் வெடிப்பு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். ராத்திரி ஓட வேண்டிய பாதையில் ஒருமுறை அவர்களோடு நடந்து பாருங்கள். மலாய் தெரியாதவருக்கு, தெரிந்த ஒரு கூட்டாளியைக் கொண்டு சொல்ல வையுங்கள். சரிவின் அடியில் கொங்சி இருந்தால் மழைக்கு முன் அதை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

(தொடரும்)