களைப்புக்கு முன்பே நடை

ஓடத் தொடங்கும் பலரும் மூச்சு முட்டிய பிறகுதான் நடக்கிறார்கள். அதற்குள் கால் தளர்ந்து, மனமும் விட்டுப்போகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறையோ, களைப்பு வருமுன்பே நடக்கச் சொல்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பரிந்துரைக்கும் 9 வாரத் திட்டத்திலும் முதல் வாரம் 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறிமாறித்தான். ஆனால் தெம்பு இருக்கும்போது நடக்க மனம் ஒப்பாது. விளையாட்டுக் கடிகாரத்தின் உண்மையான பயன் இங்கேதான் என்பேன். நேரங்களைப் பதிந்துவிட்டால், மாற வேண்டிய கணத்தில் மணிக்கட்டில் அதிர்ந்து சொல்லும். குறுகிய ஓட்ட-நடைச் சுற்றுகளைத் தூரத்தாலோ இதயத்துடிப்பாலோ அளக்க வேண்டாம். கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பிசகும். மணிக்கட்டு உணரி காட்டும் இதயத்துடிப்பும் சற்றுப் பின்தங்கியே வரும்.

நடந்தால் நேரம் வீணாகாதா? ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு மாரத்தானில் முழுவதும் ஓடியவர்களோடு ஒப்பிட்டபோது, இடையிடையே நடந்தவர்களும் ஏறக்குறைய அதே நேரத்தில் முடித்தார்கள்; தசைவலியும் களைப்பும் அவர்களுக்குக் குறைவு. உடல் சொல்வதைக் கேட்டால் போதாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. பழகியவருக்குப் போதும். புதியவரின் உடல் முதல் கிலோமீட்டரில் எல்லாம் நலம் என்றே சொல்லும். முழங்கால் வலி மறுநாள்தான் தெரியும். விலையுயர்ந்த கடிகாரமும் அவசியமில்லை, திரும்பத் திரும்ப ஒலிக்கும் டைமர் போதும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும், எந்த அதிர்வுக்கும் காத்திராமல் உடனே நின்றுவிட வேண்டும்.