இழுவை மகிழுந்து

இழுவை மகிழுந்து என்பது எஞ்சின் இல்லாத தங்கும் வண்டியாகிய கேரவனைப் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லும் மகிழுந்து ஆகும். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் திரைப்பட நடிகர்களுக்கான, தானே ஓடும் வண்டியே நினைவுக்கு வரும்; இங்கு குறிக்கப்படுவது அதுவன்று.

எடைப் பொருத்தம்

எஞ்சின் திறனைவிட மகிழுந்தின் எடையே பாதுகாப்பில் முதன்மையானது. இலேசான மகிழுந்தைக் கனமான கேரவன் தன் போக்கிற்கு ஆட்டிவிடும். புதிதாக இழுப்போருக்கு, சுமையேற்றிய கேரவனின் எடை, ஆளும் சரக்கும் ஏறாத மகிழுந்தின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பிரித்தானியப் பரிந்துரை. அதாவது 1500 கிலோ மகிழுந்துக்கு 1275 கிலோ. உற்பத்தியாளர் குறிப்பிடும் இழுவை வரம்பு இதனினும் குறைவாயின் அதுவே எல்லை.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிகளுக்குத் தனிப் பிரேக் கட்டாயம். கொடைக்கானல் மலைச்சாலை போன்ற இறக்கங்களில் அதன் தேவை புரியும்.

முன்பாரம், பின்பாரம்

மதுரை வட்டார மாட்டுவண்டிக்காரர்கள் அறிந்த பாரக் கணக்கு இங்கும் பொருந்தும். அச்சுக்குப் பின்னே சுமை மிகுந்தால் மாட்டுவண்டியின் நுகத்தடி மேலெழும்பி, பூட்டுக்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். கேரவனிலோ கொக்கியின் மீதான அழுத்தம் குறைந்து, வேகத்தில் அது இடவலமாக அலையத் தொடங்கும். கேரவன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு கொக்கியில் அமர்வது நன்று. 1200 கிலோ கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. முன்பாரம் அளவுமீறினால் மகிழுந்தின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். கனமான பொருட்களை அச்சை ஒட்டித் தரைமட்டத்தில் வைக்கவேண்டும்.

அலைவு

மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், காற்றாலைகள் நிறைந்த கயத்தாறுப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் மோதும். பேருந்து முந்திச் செல்லும்போதும் அலைவு ஏற்படலாம். அப்போது முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விடவேண்டும். வேகத்தைக் கூட்டி அலைவை நேராக்க முயல்வதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் வெட்டித் திருப்புவதும் வண்டி கவிழக் காரணமாகும்.