'தே'யும் 'அவிய'வும்

ஆப்ல வர்ற வாக்கியங்களைத் தமிழ்ல மாத்துறப்போ எனக்கு அடிக்கடி ஒரு சிக்கல் வரும். ஒரே ஒருத்தர் பதில் போட்டிருப்பாங்க, ஆங்கிலத்துல 'தே ரிப்ளைட்'னு இருக்கும். ஆணா பெண்ணான்னு தெரியாத ஆளுக்கும், ரெண்டுலயும் அடங்க விரும்பாத ஆளுக்கும் அந்தச் சொல்தான். பன்மையை ஒருமைக்குப் போடலாமான்னு பெரிய சண்டையே நடந்துச்சு. 2019-ல மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லா அறிவிச்சுது.

தமிழுக்கு இது பழைய கதை. 'அவர்' முதல்ல பலர்பால். மரியாதைக்காக ஒருத்தருக்கும் வர ஆரம்பிச்சதும், பன்மைக்கு 'அவர்கள்' வந்துச்சு. இப்போ பேச்சுல 'அவங்க'ளும் ஒருத்தருக்கு வருது. எங்க திருநெல்வேலியில 'அவிய வந்தாவ'ன்னா, வந்தது தாத்தாவா ஆச்சியான்னு எட்டிப் பார்த்தாதான் தெரியும்.

தொல்காப்பியம் பேடியைப் பத்தியும் சொல்லுது: தனி விகுதி இல்ல, உயர்திணை விகுதிதான். குழந்தையை 'அது தூங்குது'ன்னு சொல்றது பாசம். ஒரு திருநங்கையைக் கேலியா 'அது'ன்னு சொல்றது, தொல்காப்பியம் உயர்திணையில வச்சவங்களை அஃறிணைக்குத் தள்ளுறது.

2022-ல உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தமிழக அரசு, பால்புதுமையரைக் கண்ணியமாக் குறிக்கிற சொற்களை அரசிதழ்லயே வெளியிட்டுச்சு. ஆனா விகுதியை அரசிதழ் பார்த்துக்காது, நம்ம வாய்தான் பார்த்துக்கணும்.

எழுத்துல 'அவர்' எல்லாருக்கும் பொருந்தும். பேச்சுல 'அவரு வந்தாரு'ன்னா ஆண்தான். அதனால 'அவங்க'ன்னு ஆரம்பிங்க. 'அவ'ன்னே கூப்பிடுன்னு ஒரு தோழி சொன்னா, அப்படியே கூப்பிடுங்க. தெரியலையா? கேட்டுருங்க.