வளர்க்கிற நாய்க்கு ஊசி போட்டாச்சா? சென்னையில் லைசென்ஸ் இல்லைன்னா ரூ.5 ஆயிரம் அபராதம்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிக்கு என்ன சட்டம்?

கும்மிடிப்பூண்டி,

நைட் ஷிப்ட் முடிந்து சிப்காட்டில் இருந்து ரெயில் நிலையத்துக்கு நடந்து வரும் தொழிலாளர்களுக்கு நாய் பயம் புதுசு இல்லை. கம்பெனி கேட், டீக்கடை, கோழிக்கடை என்று எங்கே சாப்பாடு கிடைக்கிறதோ அங்கே நாய்கள் கூடிவிடுகின்றன. கடித்த பிறகு "இது யார் நாய்?" என்று கேட்டால், "எங்க நாய் இல்லீங்க, சும்மா சோறு போடுவோம்" என்பதுதான் வழக்கமான பதில்.

கடிபட்டவருக்கோ அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கா, இல்லையா என்பது உயிர் பிரச்சினை. தமிழகத்தில் 2023-ம் ஆண்டு சுமார் 4.41 லட்சம் பேரை நாய் கடித்தது. ரேபிஸ் நோயால் 18 பேர் இறந்தனர். 2024-ல் கடிபட்டவர்கள் சுமார் 4.80 லட்சம். இறந்தவர்கள் 43 பேர்.

சென்னையில் என்ன ரூல்?

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம். மாநகராட்சி இணையதளத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் ரூ.50. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெறிநோய் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் லைசென்ஸ் கிடையாது.

நாயின் உடம்பில் 'மைக்ரோசிப்' வைப்பதும் கட்டாயம் ஆக்கப்பட்டது. அரிசி மணி அளவுள்ள இந்த சிப்பை ஊசி மூலம் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் நம்பர் தெரியும். அந்த நம்பரை வைத்து ஓனர் யார், ஊசி போட்டது எப்போ என்று பார்த்துவிடலாம். பலமுறை அவகாசம் நீட்டிக்கப்பட்டு, 2025 டிசம்பர் 14-ந்தேதி கடைசி நாள் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பிறகும் லைசென்ஸ் எடுக்காதவர்களுக்கு ரூ.5 ஆயிரம் அபராதம் என்று மாநகராட்சி எச்சரித்தது.

கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரெயிலில் வேலைக்கு வரும் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி பகுதி ஆட்கள் இதை கவனிக்க வேண்டும். இந்த ஊர்கள் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், அங்கே நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே ரூல்தான்.

நம்ம ஊருக்கு என்ன?

கும்மிடிப்பூண்டி பேரூராட்சி. திருவள்ளூர், பொன்னேரி நகராட்சிகள். ஆவடி தனி மாநகராட்சி. சென்னை மாநகராட்சி போட்ட அபராதம் இங்கே செல்லாது. பதிவு செய்வது பற்றி அந்தந்த ஊர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அதற்காக நமக்கு சட்டமே இல்லை என்று இருந்துவிட முடியாது.

மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விலங்குகள் கருத்தடை விதிகள் நாடு முழுக்க பொருந்தும். வளர்ப்பு நாய்க்கு தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகியவை ஓனர் பொறுப்பு என்று அதில் உள்ளது. தெருநாய்களுக்கு உள்ளாட்சி நிர்வாகம் பொறுப்பு.

அடுத்து போலீஸ் கேஸ். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 291-வது பிரிவு, வளர்க்கும் பிராணியால் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத ஓனரை தண்டிக்கிறது. 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பழைய சட்டத்தில் அபராதம் ரூ.1,000 வரைதான் இருந்தது.

ஊசி எப்போ போடணும்?

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி. 3, 4 வாரம் கழித்து இன்னொன்று. அதன்பிறகு வருஷத்துக்கு ஒன்று. பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய தேதிகளையொட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். ஊசி போட்டதும் தேதி எழுதிய கார்டை வாங்கி பத்திரமாக வைக்கணும். ஒரு பகுதியில் 100 நாய்க்கு 70 நாய்க்காவது ஊசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடிச்சுட்டா?

முதல் வேலை, குழாய் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வைக்கக்கூடாது. "குட்டி நாய்தானே", "சின்ன கீறல்தானே" என்று விட்டுவிடவும் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகணும். அங்கே ஊசி இலவசம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்த பழைய மருந்து 2004-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் ஊசி. கடிபட்டு முதல் ஊசி போட்ட நாள், பிறகு 3, 7, 28-வது நாட்கள் என்று 4 தடவை போகணும். ரத்தம் வருகிற அளவுக்கு காயம் இருந்தால் அந்த இடத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்துவார்கள்.

ஒருநாள் கூலி போகுமே என்று மூன்றாவது, நான்காவது ஊசியை விட்டுவிடுவது ஆபத்து. நோய் பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்தில் காட்டும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். தண்ணீரைக் கண்டு பயம், தொண்டை இறுக்கம் என்று அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. பீகார், ஒடிசாவுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்கள் ஊசி சீட்டை கையில் எடுத்துச் சென்றால், அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் மீதி ஊசியை போட்டுக்கொள்ளலாம்.

கடித்த நாய் யாருடையது என்று தெரிந்தால் அதை 10 நாள் கட்டிவைத்து கவனிக்க முடியும். நாய் நல்லபடியாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அதுவரை காத்திருக்காமல் முதல் ஊசியை அன்றே போட்டுவிட வேண்டும். நாயை பதிவு செய்வதால் கடிபட்டவருக்கு கிடைக்கும் நேரடி பலன் இதுதான்.

கேட்டில் நிற்கும் நாய்க்கு தினமும் சோறு போடுகிறவர்கள், கம்பெனி செக்யூரிட்டிகள் உள்பட, பேரூராட்சியிலோ கால்நடை மருந்தகத்திலோ சொல்லி அதற்கும் ஊசி போட ஏற்பாடு செய்யலாம். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் கார்டை எடுத்து, கடைசி ஊசி போட்ட தேதியை இன்றே பார்த்துவிடுவது நல்லது.