பட்டம் கையில், உத்தியோகம் எங்கே?



வட்டுக்கோட்டை என்றதும் 1976 ஆம் ஆண்டுத் தீர்மானம்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். நான் சொல்லவந்தது அதற்கும் மிக முந்திய ஒரு சங்கதி. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஒரு செமினரி தொடங்கினார்கள். தங்கள் மதத்திற்கு ஊழியர்களை உருவாக்குவதே அவர்களது நோக்கம். ஆனால் ஆங்கிலமும் கணிதமும் கற்ற பிள்ளைகள் கச்சேரிக்கும் கம்பெனிகளுக்கும் போய்விட்டார்கள். அது ஒரு முக்கிய காரணமாக, 1855 இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், அங்கே படித்தவர்களே. தாமோதரம்பிள்ளை சென்னை அரசாங்கத்தின் கணக்குச் சாலையில் வேலை பார்த்தார்.

அன்று பட்டதாரிகள் இருவர். உத்தியோகம் தேடி வந்தது. இன்றோ வருடந்தோறும் வியாபார நிர்வாகமாணிகளும் வணிகமாணிகளும் வெளிவருகிறார்கள். 2017 இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020 இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளுக்கு நியமனம் தர முன்வந்தது. "எங்கள் பிள்ளைக்கும் அடுத்த முறை கிடைக்கும்" என்று காத்திருக்கும் உம்மாமார் எத்தனை பேர்! காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் படித்ததும் மறந்து போகிறது.

சரி, தனியார் துறை? 2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கில் வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் வரிசையாகக் கிளை திறந்தன. வணிகம் படித்தவர்களுக்கு முதலில் திறக்கும் கதவு பெரும்பாலும் அதுதான். நமக்குச் சங்கடமும் அங்கேதான். வட்டியை உண்பவரோடு அதை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மார்க்கம் ஒருபுறமிருக்க, நுண்கடனில் பெண்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அந்தத் தவணைப் பணத்துக்காக வீடு வீடாகப் போனவர்களில் நம் பிள்ளைகளைப் போன்றவர்களும் இருந்திருப்பார்கள். (ஏற்கெனவே இப்படியான வேலையில் இருக்கும் மகனை நாளைக்கே விலகு என்று வீட்டை நிர்க்கதியாக்காதீர்கள். ஊர் ஆலிம்களிடம் கேட்டு, மாற்று வேலை தேடச் சொல்லுங்கள்.) 2011 இல் இயங்கத் தொடங்கிய அமானா வங்கி போன்றவை இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாப் பட்டதாரிகளுக்கும் அங்கே நாற்காலி கிடைக்குமா?

அதனால்தான் கணக்கியலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். முகாமைத்துவம் என்ற சொல் பெரிதாகத் தெரிகிறது; ஆனால் கடைக்காரர் தேடுவது கணக்கை நேராக எழுதத் தெரிந்தவரைத்தான். பட்டம் முடியும்வரை காத்திராமல், படிக்கும்போதே பட்டயக் கணக்காளர் நிறுவகத்திலோ, கணக்கியல் தொழில்நுட்பவியலாளருக்கான ஏ.ஏ.ரீ. பரீட்சைக்கோ பதியலாம். படித்த பாடங்களைப் பொறுத்துச் சில தாள்களுக்கு விலக்கும் உண்டு. ஒரு கணக்காய்வு நிலையத்தில் பயிற்சி பெற்றால், கொடுக்கும் பணம் சொற்பமாயினும் கை பழகும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தார்கள் என்று மேடையில் முழங்குகிறோம். மகள் கணக்காளராகப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம்! இரண்டு மூன்று கடைகளின் கணக்கை வீட்டிலிருந்தபடியே கணினியில் எழுதிக் கொடுக்கலாம். இறைவரித் திணைக்களத்திற்குக் கணக்குக் காட்டவேண்டிய கடைகள் நம் உறவுக்குள்ளேயே எத்தனை!

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி. அல்பகறா 282. ஆயினும் ரமழான் வந்தால் நம் வியாபாரிகளில் பலர், "ஹஸ்ரத், ஏறக்குறைய எவ்வளவு ஸகாத் கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஏறக்குறையவா? சரக்கை அன்றைய விலையில் மதித்து, கைப்பணத்தையும் வரக்கூடிய கடனையும் சேர்த்தல்லவா 2.5 சதவீதம் பார்க்கவேண்டும்! வணிகம் படிக்கும் மகளோ மகனோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையில் வாப்பாவின் அல்லது மாமாவின் கடைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, சரக்கிருப்பை எண்ணி எழுதச் சொல்லுங்கள்.